குனியாமல் ஒரு பத்தடி

என் முதுகு போனது பயிற்சியில் இல்லை. அப்படிப் போயிருந்தால் வெளியில் சொல்லவாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். பஸ்ஸில் போனது. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில், கடைசி சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது போனது.

அன்று காலை முழுக்க நானும் என் தோழியும் மலைமேல் ஓடியிருந்தோம். அவள் ஊரே வெள்ளிமலைதான். எனக்குக் கள்ளக்குறிச்சி. ராணுவத்தில் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்து எழுத்துத் தேர்வுக்குப் படிக்கப் போன இடத்தில் பழக்கமாகி, இரண்டு பேரும் பாஸாகி, அடுத்து மைதானத் தேர்வுக்கு ஒன்றாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் டவுனில் விடுதியில் தங்கியிருந்தாள். வாரக் கடைசியில் மலைக்குப் போய் மேட்டில் ஓடிவிட்டு வருவோம்.

கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிந்து பஸ் சமவெளியைத் தொட்டதும் டிரைவருக்கு என்ன சந்தோஷமோ, ஒரு மிதி மிதித்தார். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று அங்கே காத்திருந்தது. நான் சீட்டைவிட்டு எழும்பினேன். வேர்க்கடலை என்னைவிட மேலே எழும்பியது. கடலை மெதுவாக இறங்கியது, நான் தொப்பென்று இறங்கினேன். இடுப்புக்குமேல் சுளீரென்று ஒன்று ஓடியது.

"இன்னைக்கு நீ தாண்டுனதுலயே இதான்டி ஜாஸ்தி ஹைட்டு" என்றாள் தோழி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் வலித்தது. வலிக்கிறதே என்று நினைத்தால் இன்னும் சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டு வந்தபோது என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. பஸ் காலியாகிவிட்டது. கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, எறங்க மனசு வரலியா?" என்றார். கடைசியில் அவர் ஒரு பக்கமும் தோழி ஒரு பக்கமும் பிடித்து என்னைப் பீரோவை இறக்குவதுபோல இறக்கினார்கள்.

இவ்வளவு சிரிப்பிலும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மைதானத்தில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓட வேண்டும், பத்தடி நீளம் தாண்ட வேண்டும், மூன்றடி உயரம் தாண்ட வேண்டும். அதற்கு மூன்று மாதம்கூட இல்லை. இதை விட்டால் அடுத்த தடவைக்கு எனக்கு வயது தாண்டிவிடும். தோழிக்கு இன்னும் வயது இருந்தது. எனக்கு இது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. தொப்பியை வைத்த நாளிலிருந்து நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டதே இல்லை. இதற்காக இரண்டு மாப்பிள்ளைகளைத் துரத்தியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, சதைதான் பலமாக இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, உடற்பயிற்சி சிகிச்சை அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மேசைமேல் திறந்த டிபன் பாக்ஸ், வாயில் எலுமிச்சை சாதம்.

"திரும்பு. முதுகைக் காட்டு."

"பட்டாளத்துக்குப் போறவ முதுகைக் காட்டக் கூடாதுங்க மேடம்" என்றாள் என்கூட வந்த சனியன்.

மேடத்துக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, மூக்கைத் துடைத்து, என் முதுகெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு விரல் விட்டுச் சொன்னாள். "குனியாத. வெயிட்டு தூக்காத. ரொம்ப நேரம் உக்காராத, முக்கியமா பஸ்ஸுல. வலிக்குதுன்னு படுத்தே கெடக்காத, நட. எதை எடுக்கணும்னாலும் முட்டியை மடக்கி ஒக்காந்து எடு, முதுகு நேரா இருக்கணும். நான் சொல்ற வரைக்கும் தாண்டக் கூடாது."

"பத்தடி தாண்டிடுவேனாங்க?"

"சொன்னதைக் கேட்டா பாக்கலாம். அப்புறம், மிதிச்சி விடறேன், உதைச்சி விடறேன்னு யாராச்சும் வந்தா ஓடிடு. உதை வாங்கிக்கினு ரெண்டு நாள் கழிச்சி எல்லாம் இங்கதான் வருதுங்க."

"முதுகு புடிச்சிக்கினு இருக்குதே, எப்பிடிங்க ஓடறது?"

"அப்ப வேகமா நட."

நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிகிறோம் என்பது, குனியாதே என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் தெரிகிறது. வாசல் பெருக்கக் குனி. பாத்திரம் விளக்கக் குனி. குழாயடியில் குடம் வைக்கக் குனி. செருப்பு மாட்டக் குனி. நம் ஊர் விளக்குமாறே பாதி உயரத்துக்குத்தான் கட்டியிருக்கிறார்கள், கட்டினவர் கையில் கிடைத்தால் கேட்டிருப்பேன். நான் எல்லாவற்றுக்கும் விறைப்பாக உட்கார்ந்து விறைப்பாக எழுந்தேன். கீழே விழுந்த சீப்பை எடுக்க நான் இறங்குவதைப் பார்த்து அம்மா, "லிஃப்டு கீழ போவுது" என்பாள்.

அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். பெரிய அண்டாவை ஒற்றை ஆளாக இறக்குவாள். நடக்கச் சொல்லி அனுப்பின வைத்தியம் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஒரு மாத்திர இல்ல, ஊசி இல்ல. நடக்கறதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? காலால பொறந்தவங்க யாராச்சும் மூணு எத்து எத்துனா விட்டுட்டுப் போவுது" என்று அன்றே ஆரம்பித்தாள். தலை வெளியே வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர்கள், இடது காலால் மூன்று தடவை உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டாள். "உங்க வூட்ல யாருனா காலால பொறந்தாங்களா?" என்று போகிற வருகிற எல்லாரையும் கேட்டாள். நான் தூண் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஆள் அங்கே கிடைக்கவில்லை. மறுநாள் எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. அம்மா தோழிக்கு டீ கொடுத்துக்கொண்டே புலம்பினாள், "இவ்ளோ பெரிய ஊர்ல காலால பொறந்தது ஒண்ணுகூட இல்லியா?" தோழி டீயை வாயில் வைத்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம், சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன்.

"நான்தாம்மா" என்றாள். "எங்க ஊர்ல முதுகு புடிச்சா எங்க வூட்டாண்டதான் வந்து குப்புறப் படுத்துக்குங்க. ஸ்கூலுக்குப் போவ சொல்லோ ரெண்டு பேரை எத்திட்டுதான் போவேன்."

அம்மா பாய் விரித்தே விட்டாள்.

நாங்கள் இருவரும் கொல்லைப்பக்கம் போய்ப் பேசினோம். ஆஸ்பத்திரி மேடம் உதைக்கு விடாதே என்றிருக்கிறாள். அம்மாவோ உதைக்காமல் விடமாட்டாள். சரி, உதைக்கிற மாதிரி காட்டு, எனக்குப் பிடிப்பு விட்ட மாதிரி நான் காட்டுகிறேன் என்று முடிவாயிற்று. நான் குப்புறப் படுத்தேன். அம்மா கை கூப்பி, "மாதாவே" என்று நின்றாள். தோழி இடது கால் கட்டைவிரலால் என் இடுப்பில் ஒரு தொடு தொட்டாள். எனக்குக் கூச்சம். க்ளுக்கென்றேன். இரண்டாவது தொடலில் உடம்பு குலுங்கியது. மூன்றாவதில் தாங்க முடியாமல் கத்திச் சிரித்துவிட்டேன்.

"விட்டுடுச்சி! பாரு, சிரிக்கிறா! விட்டுடுச்சி!" என்று அம்மா தெருவுக்கு ஓடினாள்.

அதன்பிறகு நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. சாயங்காலம் தோழி விடுதிக்குக் கிளம்பும்போது வீட்டில் நாலு முதுகு காத்துக்கொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டுகிற மாமா, தையல் மெஷின் அக்கா, பக்கத்துத் தெருவிலிருந்து யாரோ ஒருவர், அப்புறம் எங்கள் கோயில் உபதேசியார். இந்த மாதிரி மூடநம்பிக்கைகளெல்லாம் கூடாது என்று எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முன்வாசலில் நிற்க வெட்கப்பட்டுக் கொல்லை வழியாக வந்திருந்தார். "விசுவாசமெல்லாம் இல்ல பாத்துக்க. சும்மா சுளுக்குக்குதான்" என்று சொல்லிக்கொண்டே படுத்தார். தோழி பயந்து பயந்து எல்லாரையும் அதே கட்டைவிரலால் தொட்டாள். நாலு பேரும் விட்டுடுச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்! விடாமல் வலித்துக்கொண்டிருந்தது என் ஒருத்தி முதுகுதான்.

எனக்குக் குணமாகிவிட்டதாக ஊருக்கே அம்மா அறிவித்துவிட்டதால் இனி நான் குனியாமல் இருந்தால் அது திமிர். காலையில் எழுந்து மேடம் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது. மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்குவது. நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டுவது. இதில் மூன்றாவதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்துவிட்டாள். "எம்மா, வூட்ல மாடு இல்லியேன்ற கொறைய நீ தீத்து வெச்சிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மாதமே களமருதூரில் சித்தி மகள் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புது நன்மை விருந்து. சாமியானா போட்டுத் தரையில் பந்தி. வீட்டுப் பெண்கள் பரிமாற வேண்டும். வாளி தூக்கக் கூடாதே என்று அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டேன். ஆனால் அப்பளமும் இலையில்தானே வைக்க வேண்டும்? ஒவ்வொரு இலைக்கும் முன்னால் நேராக உட்கார்ந்து, அப்பளம் வைத்து, நேராக எழுந்தேன். பாதிப் பந்திக்குள் எல்லாரும் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னாம்மா, எலைக்கு ஒரு தோப்புக்கரணமா?" என்றார் ஒரு பெரியப்பா. இன்னொருவர் வேண்டுமென்றே இரண்டாவது அப்பளம் கேட்டார். பெரியம்மா ஒருத்தி சத்தமாகவே சொன்னாள், "இன்னும் பட்டாளத்துல சேரவே இல்ல. அதுக்குள்ள குனிஞ்சி சோறு போட முடியல பாரு மகாராணிக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பளத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு அம்மாவை ஓரமாக இழுத்துப்போய், அந்த உதை பொய், தொட்டதுதான், எனக்கு ஒன்றும் விடவில்லை, இன்னும் வலிக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா வாயைத் திறந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப உபதேசியாருக்கு எப்பிடி விட்டுது?" என்றாள்.

அதை உபதேசியாரைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

ஆனால் அன்றிலிருந்து அம்மா கட்சி மாறிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்கூட வந்து மேடத்திடம் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு வீட்டில் என் கையிலிருந்து ஒரு ஸ்பூன் விழுந்தால்கூட எனக்கு முன்னால் அவள் பாய்ந்தாள். தெருவில் நான் லேசாகத் தலையைத் தாழ்த்தினாலே, "குனியாத!" என்று சமையல்கூடத்துக் குரலில் ஒரு கத்து. நடந்து போகிறவர்கள் எல்லாம் நிமிர்ந்துகொண்டார்கள். அண்டா இறக்குகிற முதுகை வைத்துக்கொண்டு அவளே என் துணியும் துவைத்தாள். "உனக்கு வலிக்காதா?" என்றால், "நான் எந்த மிலிட்டிரிக்குப் போவணும்?" என்பாள்.

மலைக்குப் போவதை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. ஏற்றத்தில் நடப்பது நல்லது, இறக்கத்தில் ஓடாதே என்று மேடம் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் உட்காரக் கூடாதே? வெள்ளிமலை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் என்னை ஒரு பக்கம் தள்ளியது. "சீட்டு காலியா இருக்குதும்மா, உக்காரு" என்றார் அதே கண்டக்டர். வேண்டாம் என்றேன். "ஓ, நீயா!" என்றவர், வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவருக்கு முன்கூட்டியே விசில் கொடுத்தார். மேலே சாமைக் கொல்லைகளுக்கு நடுவே கரியாலூர்ப் பக்கம் நடந்து ஏறுவோம். தோழி ஓடிப்போய்த் திரும்பி வந்து, மறுபடி ஓடிப்போய்த் திரும்பி வருவாள். நான் நடப்பேன். அவள் ஓடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். கல்லைத் தூக்கி எறியலாம் என்றால் கல்லை எடுக்கவும் குனிய வேண்டும்.

அந்த எரிச்சலில்தான் ஒரு நாள் கெடுத்துக்கொண்டேன். வலி கொஞ்சம் கம்மியானதும் யாரையும் கேட்காமல் எங்கள் டவுன் மைதானத்து மணல் குழியில் ஓடிவந்து தாண்டிப் பார்த்தேன். பத்தடி வந்ததா என்றுகூடத் தெரியாது. விழுந்த இடத்திலேயே கிடந்தேன். பழையபடி அதே சுளீர். தோழி ஓடிவந்து ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அன்று சிரிப்பு வரவில்லை. வீட்டில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, போச்சு, எல்லாம் போச்சு, இனி எந்த மாப்பிள்ளைக்காவது அப்பளம் பொரித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

மேடம் திட்டினாள். வயிறாரத் திட்டினாள். திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை நான் அவள் சொல்லுக்கு மறுசொல் சொல்லவில்லை. நடை, பிறகு மெதுவாக ஓட்டம், பிறகு நிஜ ஓட்டம். நின்ற இடத்திலிருந்து ஒரு சின்னத் தாண்டல், விழும்போது முட்டியை மடக்கு, முதுகில் வாங்காதே. அப்பளம் பரிமாறிய தொடைகள் இதற்கு நன்றாகவே பழகியிருந்தன. கடைசியில் குனியவும் சொல்லிக்கொடுத்தாள். அத்தனை நாள் கழித்து முதல்முறை குனிந்து என் கால்விரல்களைத் தொட்டபோது, "அடடே, நகம் வெட்டாம இன்னா கண்றாவியா இருக்குது" என்று தோழி சொன்னாள்.

ஆள்சேர்ப்பு வேறொரு ஊரில். நாங்கள் மூன்று பேரும் போனோம். விடியும்போது மைதான வாசலில் பெண்கள் கூட்டம், அவர்களுக்குப் பின்னால் அம்மாக்கள் கூட்டம். என் அம்மா வாசலுக்கு வெளியே புளிச்சாதப் பையோடு உட்கார்ந்துகொண்டாள். ஓட்டத்தில் தோழி முன்வரிசையில் வந்தாள். நான் பின்னால்தான் வந்தேன், ஆனால் நேரத்துக்குள் வந்தேன். உயரத்தைத் தாண்டினேன். நீளத்துக்கு மூன்று வாய்ப்பு. முதல் தடவை பலகையைத் தாண்டி மிதித்துவிட்டேன், கணக்கில் வரவில்லை. இரண்டாவது தடவை ஓடிவந்து பலகைக்கு முன்னால் நின்றே விட்டேன். கால் எழும்பவில்லை. வலி இல்லை, பயம். மணலைப் பார்த்தாலே அன்றைக்குக் கிடந்த கிடை ஞாபகம் வந்தது. அதிகாரி அடுத்தது கடைசி என்று விரலைக் காட்டினார்.

தூரத்தில் தோழி இரண்டு கையையும் வாயில் குவித்து, "பஸ்ஸுல தாண்டுனியேடி! அதுல பாதி போதும்டி!" என்று கத்தினாள். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடினேன், சிரித்துக்கொண்டே எழும்பினேன், சிரித்துக்கொண்டே விழுந்தேன். பத்தடிக்குப் போட்டிருந்த கயிற்றைத் தாண்டி ஒரு சாண் மிச்சம்.

மறுநாள் மருத்துவப் பரிசோதனை. ராணுவ டாக்டரம்மா என்னைப் பார்த்து, "ஜுக்கோ" என்றார். நான் விழித்தேன். இந்தி எனக்கு வராது. "ஜுக்கோ, ஜுக்கோ" என்று கையைக் கீழே காட்டினார். அட, குனி! இத்தனை நாளாகச் செய்யக் கூடாது என்று ஊரே காவல் காத்த ஒன்றைச் செய்யச் சொல்கிறார். குனிந்தேன். உள்ளங்கை தரையில் முழுசாகப் பதிந்தது. அவர் என் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அமுக்கிக்கொண்டே, அங்கிருந்த தமிழ்க்கார உதவியாளரை விட்டு, முன்பு வலி இருந்ததா என்று கேட்கச் சொன்னார். இருந்தது, பஸ்ஸில் தூக்கிப் போட்டது, ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டேன், இப்போது இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். பேனாவை எடுத்து எழுதிவிட்டு, "ஃபிட்" என்றார். அந்த மொழி எனக்குத் தெரியும்.

தோழிக்கும் அதேதான். கையைக் கோத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். அம்மா எழுந்து நின்றாள்.

"இன்னாடி ஆச்சு? முதுகப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. குனியச் சொன்னாங்க. குனிஞ்சேன்."

"வலிச்சுதா?"

"இல்லம்மா."

"பாஸா?"

"ரெண்டு பேரும் பாஸு!"

அம்மா துள்ளினாள். அண்டா இறக்குகிற கைகளால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இறுக்கினாள். மாதாவைக் கூப்பிட்டாள், மேடத்தைக் கூப்பிட்டாள், உபதேசியாரைக்கூட எதற்கோ கூப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் நடுரோட்டில் பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தோம். திடீரென்று அம்மா மட்டும் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப... போயிடுவியா?"

இத்தனை மாதமும் என் முதுகு சரியாக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையுமே நினைக்கவில்லை. சரியானால் நான் வீட்டில் இருக்கமாட்டேன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும் அப்போதுதான்.

"போவணும்மா" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு பெண்ணின் அம்மாவிடம் திரும்பி, "எம் பொண்ணு மிலிட்டிரிக்குப் போறா" என்றாள். அதற்கடுத்த அம்மாவிடமும் சொன்னாள், பாதியில் குரல் உடைந்தது. மூன்றாவது அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.